ராகலையில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும்?

(‘பாடந்தோறும் இணையத்தளம்’ என்னும் பொருளில் ராகலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டப் பாடசாலையில் ஒற்றை ஆளாக நின்று ஐந்து வகுப்புகளுக்கும் பாடம் சொன்ன தங்கள் தகப்பனாரின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தினர், இவ்வருடம் எனக்குத் தந்த தலைப்பு ‘பாடந்தோறும் இணையத்தளம்’. விஞ்ஞானத்துக்கு இந்தத் தளம், கணிதத்துக்கு இந்தத் தளம் என்று ஒரு பட்டியலோடு வருவேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். பட்டியல் போட ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் எதற்கு? கூகுளே போடும். அந்தத் தளங்கள் ராகலை, ஹல்கிரனோயா, உடப்புசல்லாவைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு வந்து சேரும்போது யார் கைக்கு முதலில் போக வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன். பிள்ளையின் கைக்கா, ஆசிரியரின் கைக்கா? ஆசிரியரின் கைக்கு என்பது என் கட்சி. மறுக்க நினைப்பவர்கள் கடைசியில் எழுந்து மறுக்கலாம்.

கல்வியில் எந்த நல்லது வந்தாலும் அது மலை ஏறக் காலம் எடுக்கும் என்பது நமக்குப் பழக்கமான விஷயம். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளோ துரைமாரின் பொறுப்பிலேயே, பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகிறவையாகக் கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். முப்பத்திரண்டு வருஷம். ஒரு தலைமுறை பிறந்து, படிக்காமலேயே வளர்ந்து, தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய் நிற்பதற்குப் போதுமான காலம். அதற்குப் பிறகுதான் சுவீடன் உதவியில் கட்டடங்களும், ஜேர்மன் உதவியில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் வந்தன.

இணையம் வந்தபோது இந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். நானும் கொஞ்சம் நம்பினேன். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் முதலாம் தரத்திலிருந்து பதின்மூன்றாம் தரம் வரை மூன்று மொழிகளிலும் பாடங்கள் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் முழுதாகக் கிடைக்கின்றன. மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளை திறக்கிற அதே நிமிஷத்தில் லிடஸ்டேல் தோட்டத்துப் பிள்ளையும் அவற்றைத் திறக்கலாம் என்றுதான் கடதாசியில் இருந்தது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. கடதாசியில் இருந்ததைச் சோதித்துப் பார்க்கும் வேளை வந்தது. ஈ-தக்சலாவ தளத்தைத் தரவுக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம் என்றார்கள். நேத்ரா தொலைக்காட்சியில் தமிழில் பாடங்கள் போயின. ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களில் குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்பினார்கள். லயத்து வீட்டில் என்ன நடந்தது என்பது இங்கே இருக்கிற அம்மாமாருக்குத் தெரியும். வீட்டில் ஒரு போன். அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அவர் திரும்பி வரும்போது மூன்று பிள்ளைகளின் பாடமும் அதற்குள் காத்திருக்கும். சார்ஜ் இருக்காது, ரீலோட் முடிந்திருக்கும், இரண்டும் இருந்தால் சிக்னல் இருக்காது. நாளுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் என்பதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த வீடுகள் இவை. அந்த வருஷம் போஹிதியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டு வழியே மலைப்பாறை ஏறிய படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் அதிசயப்பட்டார்கள். நம் பக்கத்தில் தேயிலை மலை உச்சியில் நின்று பாடம் இறக்கிய பிள்ளைகளை யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரண்டு வருஷங்களிலும் நாம் கேட்ட கேள்வி ஒன்றே: பிள்ளைக்குத் தளத்தை எப்படிச் சேர்ப்பது? பாடசாலைகள் திறந்த பிறகும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆளுக்கொரு டெப் வேண்டும், ஸ்மார்ட் போர்ட் வேண்டும், வைஃபை வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்மார்ட் போர்டை மேசைத் துணியால் மூடி, கணினி அறையைப் பூட்டி, சாவியை அதிபரின் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிற பாடசாலைகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், “பிள்ளைகள் உடைச்சிருவாங்க சேர்” என்பார்கள். உண்மையான காரணம் வேறு. அந்தப் பலகையில் நாளை மூன்றாம் பாடவேளைக்கு எதைக் காட்டுவது என்று உட்கார்ந்து தேடிப் பார்க்க எந்த ஆசிரியருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

இனி என் தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். ராகலையில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும்?

ஒரு பாடசாலையில் மேற்பார்வைக்குப் போனபோது தண்ணீரின் கொதிநிலைப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. மதுசார விளக்கு, முக்காலி, கம்பிவலை, முகவை, வெப்பமானி என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. வெப்பமானியில் இரசம் 94இலோ 95இலோ நின்றுவிட்டது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அது அதற்கு மேல் ஏறவில்லை. மணி அடித்தது. செய்முறைக் கொப்பியில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: 100 பாகை செல்சியசு. ஏன் என்று ஒரு பிள்ளையைக் கேட்டேன். “புத்தகத்துல நூறுன்னு இருக்கு சேர், வெப்பமானிதான் பழசு.”

வெப்பமானியில் ஒரு பிழையும் இல்லை. நாம் கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம். மேலே போகப் போக வளிமண்டல அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை. நூறு என்பது கொழும்புக் கடற்கரையின் எண். நம் எண் 95இன் பக்கத்தில் இருக்கிறது. நம் வீட்டு அடுப்பில் கடலையும் பயறும் வேக ஏன் இத்தனை நேரம் பிடிக்கிறது என்பதற்கும் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி ஈர விறகு.

இந்த இடத்தில்தான் ஒரு தளம் எனக்குக் கைகொடுத்தது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வைமன் என்ற பௌதிகவியலாளர் 2002இல் தொடங்கியது, பெயர் ஃபெட். அதற்கு முந்திய வருஷம்தான் அவருக்கு நோபல் பரிசு கிடைத்திருந்தது. திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகள் அதில் நிறைய உண்டு, எல்லாம் இலவசம், சில தமிழிலும் இருக்கின்றன. சடப்பொருளின் நிலைகள் பற்றிய பரிசோதனையில் ஒரு மூடிய பாத்திரம் வரும். உள்ளே நீர் மூலக்கூறுகள் துள்ளிக்கொண்டிருக்கும். கீழே சூடாக்கலாம். மேலே ஒரு கை, அதன் விரலால் மூடியைக் கீழே தள்ளலாம். அமுக்கம் காட்டும் முள் ஏறும். நம் முகவையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அது கண்ணுக்குக் காட்டுகிறது. மூலக்கூறுகள் வெளியே பாயப் பார்க்கின்றன, மேலேயிருக்கும் அமுக்கம் விடமாட்டேன் என்கிறது. அதைப் பார்த்த பிள்ளைக்கு 95 ஏன் என்று விளங்கும்.

ஆனால் கவனியுங்கள்: முகவையும் வெப்பமானியும் முன்னால் வராமல் அந்தத் திரை மட்டும் வந்திருந்தால் அது வெறும் விளையாட்டுத்தான். ராகலையின் எண் 95 என்று கொலராடோக்காரருக்குத் தெரியாது. (அவருடைய ஊரும் ஐயாயிரம் அடி உயரத்தில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம்.) அடுப்பையும் திரையையும் ஒரே பாடவேளைக்குள் கோத்துவிட அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும். நாற்பது நிமிஷத்தில் எந்த இடத்தில் திரையை நிறுத்தி, “இப்ப என்ன நடக்கும்?” என்று கேட்பது என்பது அந்த ஆளுக்கு மட்டுமே தெரியும். தளம் ஆசிரியர் கைக்கு முதலில் போக வேண்டும் என்பதற்கு இது முதலாவது காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் நடைமுறை சார்ந்தது, அதை யாரும் பேசுவதில்லை. தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் தேடினால் வந்து நிற்பவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல பாடங்கள், சந்தேகமே இல்லை. 2018இலிருந்து அவர்கள் பாடநூலிலேயே கியூஆர் குறி போட்டுக் காணொளிகளை இணைத்தார்கள். கல்வித் தொலைக்காட்சி 2019இல் வந்தது. மணற்கேணி என்ற செயலி 2023இல் வந்தது. சிக்கல் கலைச்சொல்லில். அவர்கள் அழுத்தம் என்பதை நாம் அமுக்கம் என்கிறோம். நமக்கு அழுத்தம் என்பது மின்னியலில் வருவது. ஒளிச்சேர்க்கை என்று கேட்ட பிள்ளை அது ஒளித்தொகுப்பு என்று ஊகித்துக்கொள்ளும், பரவாயில்லை. ஊகிக்க முடியாதவைதான் ஆபத்து. தமிழ்நாட்டில் நிறை என்றால் நமது திணிவு. நமக்கு நிறை என்றால் அவர்களின் எடை. அவர்களுக்கு வேகம் என்றால் நமது கதி. நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்கிறார்கள். ஒரே சொல், இரண்டு கணியங்கள். காணொளியை மூன்று முறை பார்த்து நன்றாக விளங்கிக்கொண்ட பிள்ளை, அந்த விளக்கத்தாலேயே சாதாரண தரப் பரீட்சையில் புள்ளி இழக்கும். தனியாக உட்கார்ந்து படித்த கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் இது அதிகம் நேரும். மற்றவர்கள் காணொளியைப் பாதியில் விட்டிருப்பார்கள்.

ஆகவே ஒரு தமிழ்நாட்டுக் காணொளியைப் போடும் முன் ஆசிரியர் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு நிரல் கிழித்து ஐந்து சொற்களை எழுதிப்போட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. வெண்கட்டி போதும். வலயத்திலுள்ள விஞ்ஞான ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பக்கத்தில் அந்தப் பட்டியலைத் தயாரித்தால் எல்லாப் பாடசாலைக்கும் ஆகும்.

சிக்னல் பற்றிக் கேட்பீர்கள். ஆசிரியர் கைக்கு முதலில் போகட்டும் என்று நான் சொல்வதற்கு மூன்றாவது காரணமே அதுதான். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது இணைப்பு வேண்டும் என்றால் ராகலையில் இன்னும் பல வருஷம் காத்திருக்க வேண்டும். ஆசிரியர் ஒருவருக்கு, வாரத்தில் ஒரு நாள், டவுனில் ஒரு மணித்தியாலம் இணைப்பு இருந்தால் போதும். ஃபெட் பரிசோதனைகள் ஒவ்வொன்றும் சில மெகாபைட்தான். தரவிறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே ஓடும். ஜியோஜிப்ராவும் அப்படியே. மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற ஒஸ்திரிய நாட்டு மாணவர் 2001இல் தன் பட்டப்படிப்புக்காகத் தொடங்கிய வேலை, இன்று உலகம் முழுவதும் கணித ஆசிரியர்களின் கையில் இருக்கிறது. முக்கோணியின் ஓர் உச்சியைப் பிடித்து இழுக்க இழுக்கக் கோணங்கள் மாறுவதும், கூட்டுத்தொகை மட்டும் 180இலேயே நிற்பதும் பார்க்க வேண்டிய காட்சி. கிவிக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு பென் டிரைவுக்குள் அடக்கிக்கொண்டு மலைக்கு வரலாம். 2003இல் தொடங்கிய அந்தத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை ஆரம்பத்திலிருந்து தாங்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து மயூரநாதன் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோலிப்ரி என்று இன்னொன்று உண்டு. ஒரு பழைய மடிக்கணினியில் அதை நிறுவினால் வகுப்பிலிருக்கும் மற்றக் கணினிகளுக்கு அது வெளி இணைப்பு இல்லாமலே பாடம் கொடுக்கும்.

“சேர், இதெல்லாம் விஞ்ஞான, கணித ஆசிரியர்களுக்கு. அந்த ஆசிரியர்களே எங்கள் பாடசாலையில் இல்லையே?” என்று ஓர் அதிபர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. வலிக்கிற கேள்வியும்கூட. ஆசிரிய உதவியாளர் என்று ஆறாயிரம் ரூபாய் கொடுப்பனவில் தொடங்கி ஆட்களை எடுத்து இடைவெளியை நிரப்பப் பார்த்தது நமக்குத் தெரியும். இல்லாத ஆசிரியரின் கதிரையில் எந்தத் தளமும் உட்காராது. உட்காரும் என்று சொல்லி யாராவது நியமனங்களைக் குறைக்க வந்தால் தயவுசெய்து எதிர்த்து நில்லுங்கள். சுகத மித்ரா என்ற ஆய்வாளர் 1999இல் டில்லியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டுக் கணினியை வைத்தார். சேரிப் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொண்டார்கள் என்று உலகம் கைதட்டியது. கணினியை இயக்கப் பழகினார்கள், உண்மை. க.பொ.த. சாதாரண தரக் கணிதப் பாடத்தில் திறமைச் சித்தி எடுக்க அது போதாது. ஆனால் விவசாயம் படித்துவிட்டு விஞ்ஞானம் எடுக்கிற ஆசிரியை, கலைப்பட்டம் பெற்றுக் கணிதம் எடுக்கிற தம்பி — இப்படிப்பட்டவர்கள் நம் வலயத்தில் நிறைய. முதல் நாள் இரவு தங்கள் பாடத்தைத் தாங்களே விளங்கிக்கொள்ள அவர்களுக்கு இந்தத் தளங்களைவிட நல்ல துணை இல்லை. பிள்ளைக்குப் பாடம் காட்டுவதைவிட ஆசிரியரைப் பாடத்துக்குத் தயார்ப்படுத்துவதுதான் அவற்றின் பெரிய பயன் என்று சொல்வேன்.

பாடங்களைத் தாண்டி ஒரே தளம் எப்படி ஓடும் என்பதற்கு மழையை எடுத்துக்கொள்கிறேன். ராகலையில் மழையை விட்டால் வேறு எதைப் பேசுவது?

மலைநாட்டுக்குத் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை தருகிறது என்று படித்துவிட்டு நம் பிள்ளைகள் ஜூலை மாதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் வறண்ட கச்சான் காற்று அடிக்கும். ஹட்டன் பக்கம் நனைந்துகொண்டிருக்கும் அந்த மாதங்களில்தான் உடப்புசல்லாவைத் தேயிலைக்குத் தரமான காலம். நமக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில். 2007 ஜனவரியில் வலப்பனைப் பக்கம் மலை சரிந்து உயிர்கள் போனது அந்தப் பருவத்தில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தளத்தில் மண்சரிவு எச்சரிக்கைகள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100இல் எச்சரிக்கை, 150இல் வெளியேற்றம் என்பது அவர்களின் பொதுவான அளவு.

பிள்ளைக்கு மில்லிமீற்றர் என்பது அடிமட்டத்தில் உள்ள சின்னக் கோடு. 75 மில்லிமீற்றர் மழை என்றால் என்ன? ஒரு சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகுங்கள். அடி வளைவாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, வளைவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் குறியுங்கள். அடிமட்டத்தை ஒட்டுங்கள். மழைமானி தயார், இதுவரை விஞ்ஞானம். இனிக் கணிதம்: ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். லயத்துக் காம்பராவின் பழைய அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஏறக்குறைய 11 சதுர மீற்றர். அப்படியானால் 75 மில்லிமீற்றர் பெய்த நாளில் அந்தத் தகரத்தின் மேல் விழுந்த தண்ணீர் எண்ணூறு லீற்றருக்கு மேல். இருபது காம்பரா லயம் ஒன்றின் மேல்? அந்தத் தண்ணீர் லயத்துக்குப் பின்னால் உள்ள மண்ணில் எங்கே போகிறது? இது புவியியல். தளத்தின் எச்சரிக்கையைப் படித்து, வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்கும்படி நாலு வரி அறிவித்தல் எழுதுவது தமிழ்ப் பாடம். அதையே சிங்களத்தில் எழுதுவது இரண்டாம் மொழிப் பாடம். ஐந்து பாடங்கள், ஒரு வாரம். தளம் இதில் வந்து போவது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் போத்தலில் அளந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

தமிழுக்கும் வரலாற்றுக்கும் நான் கைகாட்டும் இடம் நூலகம் தளம். 2005இல் சில இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கியது. இன்று ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் லட்சத்தைத் தாண்டிய ஆவணங்களாக அங்கே இருக்கின்றன. ‘தீர்த்தக்கரை’, அந்தனி ஜீவாவின் ‘கொழுந்து’ போன்ற நம் சஞ்சிகைகளைக் கையில் தொட்டுப் பார்க்காத பிள்ளை திரையில் புரட்டலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை 1904இல் சின்ன ரயில் வந்தது, 1940களில் நின்றது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம், தேடட்டும். பழைய படத்தையும் வரைபடத்தையும் அச்செடுத்துக் கொடுத்து, பாதை எந்த வழியாகப் போனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். வந்த பதிலை எழுதித் திருத்தி நூலகத்துக்கே அனுப்பலாம். தளத்திலிருந்து எடுப்பது போல அதற்குக் கொடுக்கவும் நம்மிடம் இருக்கிறது.

ஆங்கிலம் பற்றி ஒரு வரி: கேட்கும் பயிற்சிக்கு பிரிட்டிஷ் கவுன்சில் தளத்துச் சிறுவர் கதைகள் போதும், இலக்கணப் பயிற்சிகளைத் தேடி அலைய வேண்டாம்.

கடைசியாகப் பணத்துக்கும் நேரத்துக்கும் வருகிறேன். நம் பாடசாலைகளில் இணையத்தளம் என்றால் நடைமுறையில் கடந்தகால வினாத்தாள் என்று அர்த்தம். அதைத் தரவிறக்கிப் பிரதி எடுத்துக் கொடுப்பதோடு தளத்தின் வேலை முடிகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்லமாட்டேன். பெறுபேற்றைக் கேட்கிற அமைப்பு பெறுபேற்றுக்குக் குறுக்கு வழியைத்தான் வளர்க்கும். இதை மாற்ற நேரசூசியில் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரே பாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அடுத்த வாரப் பாடத்துக்கு எதைக் காட்டுவது என்று பார்க்கட்டும். அதிபர்கள் மனம் வைத்தால் இதற்கு அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை.

அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருஷ நிதியில் ஒரு பாடசாலைக்கு டெப் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பதில் ஒரு புரொஜெக்டரும் ஒரு பழைய மடிக்கணினியும் வாங்கி, பாடசாலை பாடசாலையாகச் சுற்ற விடுங்கள். மீதிப் பணத்தை ஆசிரியர்களின் சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு பஸ் செலவாகவும் பகல் சாப்பாடாகவும் கொடுங்கள். ஹைபொரஸ்ட்டிலிருந்தோ புரூக்சைட்டிலிருந்தோ ஓர் ஆசிரியை ராகலைக்கு வந்து போக ஆகும் செலவு அவருக்குத்தான் தெரியும்.

நான் தேடிச் சேர்த்த பரிசோதனைகளும் சொற்பட்டியலின் முதல் வரைவும் தமிழ் விக்கிப்பீடியாவும் வாசல் மேசையிலுள்ள கணினியில் இருக்கின்றன. பென் டிரைவ் கொண்டுவந்தவர்கள் தேநீர் இடைவேளையில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். சொற்பட்டியலில் பிழை கண்டால் பேனாவால் திருத்திவிட்டுப் போங்கள், தாள் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது கேள்விகளைக் கேட்கலாம். மறுக்க வந்தவர்கள் முதலில்.